மூன்று மூச்சு தாமதமாகத் திறந்த கதவு

கதவுக்காரர் வீடு எது என்று கேட்டால் அந்தத் தெருவில் சின்னக் குழந்தைகூடக் கை காட்டும். ஆள் தச்சர்தான். ஆனால் வீடுகளுக்குக் கதவு போட்டு வந்த பெயர் இல்லை அது. நாற்பது வருஷத்துக்கு முன்னால் டெலிவிஷனில் வாராவாரம் ஒரு விண்வெளிக் கப்பல் பறந்தது. யாராவது கிட்டே வந்தால் அதன் கதவு தானாகத் திறக்கும். அந்த 'தானாக' இவர்தான்.

பிளைவுட் பலகைக்கு வெள்ளி பெயிண்ட் அடித்து, மேலே கப்பி மாட்டி, கயிறு கட்டியிருந்தார். பின்னால் இவருக்கு ஒரு முக்காலி, எதிரில் ஒரு சிவப்பு பல்பு. பல்பு எரிந்தால் கயிற்றை இழுக்க வேண்டும், அணைந்தால் விட வேண்டும், உத்தியோகம் அவ்வளவுதான். மூன்று வருஷத்தில் ஆயிரத்துச் சொச்சம் தடவை இழுத்திருப்பார். கதவு ஒரு நொடி முந்தியதில்லை, பிந்தியதில்லை, ஒரே ஒரு தடவையைத் தவிர.

பாழாய்ப்போன உலகம் அந்த ஒரு தடவையைத்தான் கெட்டியாகப் பிடித்துக்கொண்டது.

அந்த எபிசோடில் கப்பல் பழுதாகிவிடும். கேப்டனாக நடித்த அம்மாள் வெளியே போய்ச் சரிசெய்ய வேண்டும், போனால் திரும்ப வழியில்லை. கதவுக்கு முன்னால் வந்து நிற்கிறார். கதவு திறக்கவில்லை. ஒரு மூச்சு, இரண்டு மூச்சு, மூன்று மூச்சு. அவர் கண்ணில் நீர் கோத்துக்கொள்கிறது. அப்புறம்தான் கதவு விலகுகிறது. அவரை அனுப்ப அந்தக் கப்பலுக்கே மனசு வரவில்லை என்று ஊரே தேம்பியது.

அதோடு விட்டார்களா? அந்த மூன்று மூச்சை வைத்து ஒருவர் டாக்டர் பட்டமே வாங்கிவிட்டார். பின்னால் வந்த விண்வெளித் தொடர்களில் எல்லாம் கதவுகள் காரணமே இல்லாமல் தயங்க ஆரம்பித்தன. லிஃப்ட் சட்டென்று திறக்காவிட்டால், 'கப்பலுக்கு மனசு வரலை' என்று சொல்லிச் சிரிப்பது பேச்சுவழக்காகவே ஆகிப்போனது. அந்தத் தொடரையே பார்க்காதவர்களும் அதைச் சொன்னார்கள்.

உண்மை என்னவென்றால், கப்பலுக்கு மனசெல்லாம் நன்றாகத்தான் இருந்தது. கதவுக்காரர்தான் முக்காலியில் உட்கார்ந்தபடி தூங்கிவிட்டார். கழுத்து சரிந்து தலை சுவரில் இடித்தது, விழித்தார், பல்பு எரிந்துகொண்டிருந்தது, பதறிப்போய் இழுத்தார். வேலை போச்சு என்று நினைத்துக்கொண்டு வெளியே வந்தால், டைரக்டர் கட்டிப்பிடித்துக்கொண்டார். மறுவாரமே அதெல்லாம் தன்னுடைய யோசனை என்று பத்திரிகையில் சொல்லியும் விட்டார். அதற்குமேல் இவர் எங்கே வாயைத் திறப்பது?

டைரக்டர் காலமாகிப் பல வருஷமாகிவிட்டது. ஆனாலும் இவர் வாய் திறக்கவில்லை. காரணம் மகள். பல் டாக்டர். பள்ளிக்கூட நாளிலிருந்தே, கப்பலுக்கு மனசு கொடுத்தது எங்கப்பா என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு வளர்ந்தவள். இப்போதும் வாயைத் திறக்கத் தயங்கும் நோயாளிகளிடம் அந்தக் கதையைச் சொல்லித்தான் திறக்கவைக்கிறாள். அவளிடம் போய், "அப்பா தூங்கிட்டேம்மா" என்று எப்படிச் சொல்வது? எத்தனையோ தடவை ஆரம்பித்துத் தொண்டை வரை வந்ததை விழுங்கிவிட்டார்.

அந்த எபிசோடுக்கு நாற்பது வயது நிறைந்ததைக் கொண்டாட ரசிகர்கள் ஒரு ஹால் பிடித்தார்கள். அப்பாவை மேடையேற்ற நாலு மாதமாக அலைந்ததும் மகள்தான். முன்வரிசையில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். மேடையில் கேப்டனம்மாவும் இருந்தார். தலை முழுக்க நரைத்திருந்தாலும் அந்த மிடுக்கு குறையவில்லை.

முதலில் பேசியவர் அந்த டாக்டர் பட்டக்காரர். அரைமணி நேரம் அறுத்துவிட்டு, "மற்றக் கதவுகள் எல்லாம் வெறும் கதவுகள், இது ஒன்றுதான் கலை" என்று முடித்தார். மகளும் சேர்ந்து கைதட்டினாள்.

கதவுக்காரருக்குச் சுருக்கென்றது. ஆயிரம் தடவை ஒழுங்காகச் செய்த வேலை வெறும் கதவாம், தூங்கி வழிந்தது கலையாம்! மைக் கைக்கு வந்ததும், அந்த நேரத்தில் மனசில் என்ன ஓடியது என்று கேட்டார்கள்.

"ஒண்ணும் ஓடலைங்க. தூங்கிட்டேன்" என்றார்.

சிலர் சிரித்தார்கள். ஆனால் அவர் சிரிக்கவில்லை என்று தெரிந்ததும் ஹால் அடங்கிவிட்டது. மகளின் முகம் அப்படியே விழுந்துபோனது. அதைப் பார்க்கமுடியாமல் கதவுக்காரர் தலையைக் குனிந்துகொண்டார். மண்ணாங்கட்டி ரோஷம், இத்தனை வருஷம் பொறுத்தவன் இன்னும் நாலு வருஷம் பொறுத்திருக்கக் கூடாதா என்று தன்னையே திட்டிக்கொண்டார்.

கேப்டனம்மா மெதுவாக மைக்கை வாங்கினார்.

"தெரியும். குறட்டை எனக்குக் கேட்டுது" என்றார். "நான் ஷூட்டிங்கை நிறுத்தச் சொல்லியிருந்தா அன்னிக்கே இவரை வீட்டுக்கு அனுப்பியிருப்பாங்க. அதான் முழிக்கட்டும்னு நின்னேன். சிரிப்பை அடக்கி அடக்கி, கண்ல தண்ணி வந்துடுச்சு."

நாற்பது வருஷமாக உலகம் உருகிய கண்ணீர் அது. டாக்டர் பட்டக்காரர் தண்ணீர் பாட்டிலைத் தேடினார்.

ஒரு சொல்லில் போயிருக்க வேண்டிய பிழைப்பு. அதைக் காப்பாற்றிவிட்டு, இத்தனை காலம் அந்த அம்மாள் ஒருவரிடமும் மூச்சுவிடவில்லை. கதவுக்காரர் எழுந்து கைகூப்பினார்.

"நீங்க ஏன் தூங்குனீங்கன்னும் தெரியும்" என்றார் கேப்டனம்மா. "அந்த வாரம் பூரா பார்த்தவங்ககிட்ட எல்லாம் சொல்லிட்டுத் திரிஞ்சீங்களே. பொறந்து நாலு நாள்தான் ஆச்சு, ராத்திரி கண்ணை மூட விடமாட்டேங்குது, தோள்லயே போட்டுக்கிட்டு நடக்கறேன்னு. அந்தக் குழந்தை இப்ப எங்கே இருக்கு?"

கதவுக்காரர் முன்வரிசையைக் காட்டினார்.