ஐந்தரை மணிச் சக்கரம்

சைக்கிளின் பின்சக்கரத்தை, நின்ற இடத்திலேயே மிதிக்க உதவும் உருளைத் தாங்கியில் உட்காரவைத்து, இரண்டு பக்கத் திருகையும் மாற்றி மாற்றி முறுக்கிக்கொண்டிருந்தாள் ஹில்க்கா. இடது கை விரல்கள் மரத்திருந்தன. கையுறையைப் பல்லால் இழுத்துக் கழற்றி, விரல்களை அக்குளில் செருகிக்கொண்டு இருபது எண்ணினாள். நுனியில் சிவப்பு திரும்பியது. மறுபடி திருகு. சக்கரத்தைக் கையால் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுக் காது கொடுத்தாள். எங்கும் உரசவில்லை. ஏறி உட்கார்ந்தாள்.

காலை ஐந்தரை மணி. வெளியே மைனஸ் இருபத்து நான்கு. அவள் இருந்தது அடுக்குமாடிக்கு அடியில் இருக்கும் பதுங்கறையில். யுத்தம் வந்தால் எல்லோரும் இறங்கி ஒளிந்துகொள்ளக் கட்டிய தடிச்சுவர் அறை அது. யுத்தம் வராததால் பழைய பனிச்சறுக்குக் கட்டைகளும், சக்கரம் கழன்ற குழந்தை வண்டியும், கிறிஸ்துமஸ் நட்சத்திரங்களும் அங்கே ஒளிந்துகொண்டிருந்தன. நடுவில் ஒரு சைக்கிள் நிற்க இடம் இருந்தது. சூடேற்றும் குழாய் சுவரோரமாக ஏறி மேல்வீடுகளுக்குப் போனதால், அங்கே குளிர் கொல்லாது, கடிக்க மட்டும் செய்யும்.

ஹில்க்காவுக்கு அறுபத்திரண்டு வயது. கிழக்கு பின்லாந்தின் அந்த ஏரிக்கரை ஊரில், முப்பத்தோரு வருஷம் வீடு வீடாகப் போய் முதியவர்களைக் குளிப்பாட்டி, மாத்திரை கொடுத்து, நகம் வெட்டிவிட்டு, போன வசந்தத்தில் ஓய்வு பெற்றாள். அடுத்த வாரமே டிரையத்லானுக்குப் பெயர் கொடுத்துவிட்டாள். ஏரியில் ஒன்றரை கிலோமீட்டர் நீச்சல், நாற்பது கிலோமீட்டர் சைக்கிள், பத்து கிலோமீட்டர் ஓட்டம், மூன்றும் ஒரே மூச்சில். ஆகஸ்டில் நடந்த போட்டியில் நீச்சலை நன்றாகவே முடித்தாள். சைக்கிளில்தான் வினை. நேரம் முடிந்ததும் சாலைக்குக் குறுக்கே கயிறு கட்டிவிடுவார்கள். அவள் கயிற்றண்டை வந்து நின்றபோது நாலு நிமிஷம் தாமதம். கயிறு கட்டியவர் ஒரு வாழைப்பழத்தை நீட்டினார். அங்கேயே தின்று, தோலைக் கூடையில் போட்டுவிட்டு வீட்டுக்கு வந்து, அடுத்த வருஷத்துக்கும் பெயர் கொடுத்தாள். கால் படாத அந்தப் பத்து கிலோமீட்டர் அவளைச் செருப்புக்குள் மாட்டிய கல் மாதிரி உறுத்திக்கொண்டே இருந்தது.

நாலு நிமிஷத்தைக் குளிர்காலத்தில்தான் சம்பாதிக்க முடியும். கோடையில் சைக்கிள் மிதிக்க யாருக்கும் மனசு வரும். ஜனவரியின் இருட்டில் போர்வையைத் தள்ளுவதற்குத்தான் வித்தை வேண்டும். அந்த வித்தை அவளுக்குத் தொழிலாகவே தெரியும். படுத்திருக்கும் கிழவரிடம் குளிக்கலாமா என்று கேட்கவே கூடாது. கேட்டால் வேண்டாம் என்றுதான் வரும். வெந்நீரைக் கொண்டுவந்து வைத்து, துண்டை விரித்து, ஒரு காலுறையைக் கழற்றிவிட வேண்டியதுதான். மற்றது தானாக நடக்கும். ஆகவே ஹில்க்கா தன்னையே ஒரு நோயாளியாகப் பதிந்துகொண்டாள். எட்டாம் வீட்டு ஹில்க்கா, பெண், அறுபத்திரண்டு, தினமும் ஐந்தேகாலுக்கு வருகை. குளிர்பதனப் பெட்டிக் கதவில் பராமரிப்பு அட்டை ஒட்டினாள். திங்கள், புதன், வெள்ளி பதுங்கறையில் சைக்கிள். நீச்சல் குளத்துக்கு வியாழக்கிழமை பஸ். மற்ற நாளில் ஆணி பதித்த காலணி போட்டு ஓட்டம், பனி ஆழமாக விழுந்தால் சறுக்குக் கட்டை. செய்ததற்கு ஒரு டிக். மனநிலை எப்படி என்று எழுத அதில் இடமே விடவில்லை.

அந்த வித்தை பலித்தது. பலித்தது மட்டுமில்லை, அவளுக்கே வெளியில் சொல்ல வெட்கமாக இருக்கும் அளவுக்குப் பிடித்துப்போயிற்று. கன்னத்தில் களிம்பு தடவிக்கொண்டு ஏரிக்கரையில் ஓடும்போது காலுக்கடியில் பனி கீச்சிடும். இமையில் உறைந்த மூச்சு, கண் சிமிட்டினால் ஒட்டிக்கொள்ளும். தெருவிளக்கு ஒவ்வொன்றும் தனக்காகவே எரிவதாகத் தோன்றும். வீட்டுக்கு வந்து ஓட்ஸ் கஞ்சியில் வெண்ணெய் போட்டு நின்றபடியே சாப்பிடுவாள்.

பிப்ரவரி நடுவில் ஒரு புதன்கிழமை எல்லாம் நின்றது.

அந்தக் கட்டடத்தின் பழக்கத்தைச் சொன்னால்தான் அது விளங்கும். அங்கே வீட்டைவிட்டுக் கிளம்புகிறவர் முதலில் கதவில் காதை வைப்பார். படியில் ஆள் அரவம் கேட்டால், அது ஓயும்வரை கோட்டும் தொப்பியுமாக உள்ளேயே நிற்பார். பகை ஒன்றும் இல்லை. எதிர்ப்பட்டால் ஏதாவது பேசவேண்டி வருமே என்ற சங்கடம்தான். பேசியே ஆகவேண்டிய விஷயமென்றால், கீழ்வாசல் அறிவிப்புப் பலகையில் ஒரு தாளைக் குத்திவிடுவார்கள். யார் நாய், யார் குழந்தை வண்டி, யார் மீனைக் கருகவிட்டது. இருபது வருஷத்தில் அந்தப் பலகையில் ஒரு நல்ல வார்த்தை தொங்கி ஹில்க்கா பார்த்ததில்லை.

புதன்கிழமை வியர்வையோடு பதுங்கறையிலிருந்து ஏறி வந்தபோது அங்கே புதிதாக ஒரு தாள். மேலே பெரிய எழுத்தில்: காலை ஐந்தரைக்குப் பதுங்கறையில் சைக்கிள் மிதிப்பவருக்கு. அடியில் பொடியாக ஏதோ ஏழெட்டு வரி. மூக்குக்கண்ணாடி ஆவி படிந்து வெளுத்துக் கிடந்தது. துடைக்கப் போகும்போதே மேல்மாடியில் ஒரு தாழ்ப்பாள் நகர்ந்தது. ஹில்க்கா திருடி மாதிரி இரண்டு இரண்டு படியாகத் தாவி வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்தினாள்.

அன்று மாலையே சைக்கிளைத் தூக்கிவந்து பால்கனியில் நிறுத்தினாள். அறைக்குள் மிதித்தால் கீழ்வீட்டுக்கு இடி இடிக்கும். சாலையெல்லாம் கண்ணாடியாக உறைந்திருந்தது. வெள்ளி போயிற்று, திங்கள் போயிற்று. சைக்கிள் நின்றதும் ஓட்டமும் தேய்ந்தது. நீச்சல் பஸ்ஸும் ஒருநாள் இவள் இல்லாமல் போனது. அட்டையில் வெற்றுக் கட்டங்கள் வரிசையாகப் பல்லிளித்தன. பலகைப் பக்கம் முகம் காட்டாமல் பின்வாசல் வழியாகவே போய் வந்தாள். போட்டிக்கு வர முடியாதவர்கள் மாதக் கடைசிக்குள் பெயரைத் திருப்பிக் கொடுத்துவிட்டால், காத்திருக்கும் வேறு யாருக்காவது இடம் கிடைக்கும். இடத்தை வீணாக அடைத்து வைப்பது அவளுக்குப் பிடிக்காது. சனிக்கிழமை, விலகுவதாக நாலு வரி அலைபேசியில் எழுதி வைத்தாள். அனுப்புவதை மட்டும் ஞாயிறு சௌனாவுக்கு, அந்த நீராவிக் குளியலுக்கு, பிறகு என்று தள்ளிப்போட்டாள்.

ஞாயிறுதோறும் ஏரிக்கரைச் சௌனாவில் அவளோடு உட்காருகிறவள் எய்லா. இருவரும் ஒரே நாளில் வேலையில் சேர்ந்தவர்கள். எய்லாவுக்கு ஓட்டமும் ஆகாது, சைக்கிளும் ஆகாது. சூட்டில் வேகுவாள், ஏரிப் பனியில் வெட்டிய துளையில் கழுத்துவரை இறங்குவாள், ஏறி வந்து சுட்ட தொத்திறைச்சியைக் கடுகு தொட்டுத் தின்பாள். அதற்குமேல் எல்லாம் உடம்புக்குச் செய்யும் கொடுமை என்பது அவள் கட்சி. கரண்டியால் சுடுகல்லில் தண்ணீர் வீசி, ஆவி முதுகில் ஏறியதும், இந்த வாரம் எத்தனை கிலோமீட்டர் என்று வழக்கம்போல் சீண்டினாள். போன ஞாயிறு மழுப்பிய ஹில்க்கா இந்த முறை எல்லாவற்றையும் சொன்னாள்.

"சரி, அதுல என்னதாண்டி எழுதியிருந்துச்சு?"

"படிக்கல."

"என்னது?"

"தலைப்பப் படிச்சேன். அதுவே போதும்."

எய்லா கரண்டியைக் கீழே வைத்தாள். "மாத்திரை டப்பாவுல இருக்குற எறும்பு எழுத்தக்கூட பூதக்கண்ணாடி வெச்சுப் படிச்சவ நீ. இப்ப ஒரு தாளுக்குப் பயந்து பின்வாசல் வழியா ஓடுற."

அந்தப் பலகையில் என்றைக்காவது நல்ல சேதி வந்திருக்கிறதா என்று கேட்டாள் ஹில்க்கா. எய்லா யோசித்துப் பார்த்து, இல்லைதான் என்று ஒப்புக்கொண்டாள். அவள் கட்டடத்துப் பலகையும் அப்படித்தான்.

"ஆனா திட்டுன்னாலும் முழுசா வாங்கிட்டுத்தான் போகணும். பாதித் திட்டு வாங்கிட்டு யாராச்சும் ஓடுவாங்களா? அதுவுமில்லாம நான் மாட்டு மணி ஒண்ணு வாங்கி வெச்சிருக்கேன், நீ ஓடி வரும்போது ஆட்டுறதுக்கு. இப்ப அத எந்த மாட்டுக்குக் கட்டுறது?"

துளையில் ஒரு முங்கு முங்கி, துடைத்து, தொப்பியைக் காதுவரை இழுத்துக்கொண்டு இருவரும் நேரே கட்டடத்துக்கு நடந்தார்கள். தாள் அங்கேயேதான் இருந்தது. அடுத்தவர் குத்திய தாளை அங்கே யாரும் எடுப்பதில்லை. ஆனால் இப்போது நீண்டிருந்தது. அடியில் இன்னொரு தாளை ஒட்டி, விதவிதமான பேனாவில் எழுதியிருந்தார்கள். எய்லா மூக்கைத் தாளில் ஒட்டி வாய்விட்டுப் படித்தாள்.

'ஜனவரியில் என் முழங்காலை மாற்றினார்கள். தினமும் பயிற்சி செய்யச் சொல்லியிருக்கிறார்கள். தனியே செய்ய மனம் வரவில்லை. உங்கள் சக்கரத்தின் சத்தம் குழாய் வழியே என் வீட்டுக்கு வருகிறது. அது ஓடும்வரை நானும் காலை மடக்கி நீட்டுகிறேன். ஆனால் திங்கட்கிழமைகளில் நாற்பதாவது நிமிடத்தில் நிறுத்திவிடுகிறீர்கள். என் அட்டையில் ஐம்பது என்று இருக்கிறது. பத்து நிமிடம் கூட்ட முடியுமா? வீடு 2.'

அதன் கீழே: 'சத்தம் கேட்டுத்தான் நான் காபி வைப்பேன். வெள்ளிக்கிழமை கேட்கவில்லை. பஸ் போய்விட்டது. வீடு 6.'

'உடம்பு சரியில்லையோ? வீடு 11.'

'இல்லை. செவ்வாயன்று கடையில் உருளைக்கிழங்கு வாங்கினார். முகத்தில் நல்ல நிறம் இருந்தது. வீடு 4.'

'சங்கிலிக்கு எண்ணெய் தேவையென்றால் என்னிடம் இருக்கிறது. வீடு 9.'

கடைசியில் மறுபடியும் முதல் கையெழுத்து, முன்னைவிடச் சிறியதாக: 'பத்து நிமிடம் கேட்டது என் தப்பு. நாற்பதே போதும். வீடு 2.'

எய்லா சுவரில் சாய்ந்து, கண்ணில் நீர் வரச் சிரித்தாள். பதினோரு நாள், ஐந்து வீடு, ஒருவர்கூட மாடியேறி எட்டாம் கதவைத் தட்டவில்லை. ஹில்க்காவுக்குக் கோபப்படத் தோன்றவில்லை. வேறொருவர் சக்கரம் நின்றிருந்தால் தானும் தட்டியிருக்க மாட்டாள் என்று அவளுக்குத் தெரியும். இரண்டாம் வீட்டு அர்மாஸை அவள் தினமும் ஜன்னல் வழியே பார்த்ததுண்டு. ஊரின் பனி அள்ளும் வண்டியை ஓட்டி ஓய்ந்தவர், ஊன்றுகோலோடு தபால் பெட்டிவரை போய் வருவார். இருபது வருஷத்தில் இருவரும் பேசியது மொத்தம் இரண்டே பேச்சு, இரண்டும் பனியைப் பற்றி.

மேலே ஒரு தாழ்ப்பாள் நகர்ந்தது. ஹில்க்காவின் கால் தன்னால் படிப்பக்கம் திரும்பியது. எய்லா அவள் கோட்டுக் கையைப் பிடித்துக்கொண்டாள். மேலே இருந்தவர் இவர்கள் பேச்சைக் கேட்டிருக்க வேண்டும். கதவு மெல்லச் சாத்திக்கொண்டது.

ஹில்க்கா பலகையில் கட்டித் தொங்கவிட்டிருந்த பென்சிலை எடுத்தாள். 'நாளை ஐந்தரை. ஐம்பது நிமிடம். எண்ணெய் வேண்டும். வீடு 8' என்று எழுதினாள். பிறகு அலைபேசியைத் திறந்து, எழுதி வைத்திருந்த நாலு வரியையும் எய்லா பார்க்கவே அழித்தாள்.

மறுநாள் காலை மைனஸ் பத்தொன்பது. ஐந்தேகாலுக்கு எட்டாம் வீட்டு நோயாளியை எழுப்பி, எப்படி இருக்கிறது என்று கேட்காமல், காலுறை மாட்டிவிட்டு, சைக்கிளைத் தோளில் போட்டுக் கீழே இறக்கினாள். பதுங்கறைக் கதவுக்கு வெளியே ஒரு சின்ன எண்ணெய்க் குப்பி, 'வீடு 2' என்று சீட்டு ஒட்டிய ஒரு காபி பிளாஸ்க், காகிதத்தில் சுற்றிய ஏலக்காய் ரொட்டி. ஆள் யாரும் இல்லை. சங்கிலிக்கு எண்ணெய் விட்டு, துடைத்து, ஏறி மிதித்தாள். பதினோரு நாள் சும்மா இருந்த தொடை முதல் கால் மணி முணுமுணுத்துவிட்டு அடங்கியது. நாற்பதாவது நிமிஷத்தில் குழாயில் மேலிருந்து டக் டக் என்று இரண்டு தட்டு. ஹில்க்கா பாட்டரி விளக்கின் அடிப்பக்கத்தால் திருப்பி இரண்டு தட்டிவிட்டு, மேலும் பத்து நிமிஷம் மிதித்தாள். கடைசி நாலு நிமிஷம் எழுந்து நின்று மிதித்தாள்.

காபியைக் குடித்து, ரொட்டியைத் தின்று, பிளாஸ்கை எடுத்துக்கொண்டு ஏறினாள். முதல் மாடித் திருப்பத்தில் இரண்டாம் வீட்டுக் கதவு திறந்தது. வாசலில் அர்மாஸ், கோலை ஊன்றியபடி, வியர்த்த நெற்றியோடு. இருவருமே ஒரு கணம் பின்வாங்கப் பார்த்தார்கள். பிறகு ஹில்க்கா நேரே நடந்து போய்ப் பிளாஸ்கை நீட்டினாள்.

"மூட்டு மடங்குதா?"

"இன்னிக்கு மடங்குச்சு."

"காட்டுங்க."

படியிலேயே குனிந்து, கால்சட்டைக் காலைச் சுருட்டி, வெட்டுத் தழும்பின் இரு பக்கமும் புறங்கையை வைத்துப் பார்த்தாள். சூடு கொஞ்சம், வீக்கம் கொஞ்சம், பயப்பட ஒன்றுமில்லை. ஐஸைத் துணியில் சுற்றிக் கால்மணி நேரம் வைக்கச் சொல்லிவிட்டு, புதன்கிழமை ஐம்பது வேண்டாம், நாற்பத்தைந்து நிமிஷம் போதும் என்றாள். பிறகு மாடியேறிப் போய், கையைக் கழுவி, அட்டையில் அன்றைய கட்டத்தில் ஒரு டிக் போட்டாள்.