துருவுக்கு எண்ணெய்

மரக்காணம் உப்பளத்தில் தண்ணீர் ஏற்றும் இன்ஜின்களைப் பார்த்துக்கொள்வது கலியமூர்த்தியின் வேலை. பாத்தியில் இறங்கி உப்பு வாருகிறவர்களுக்குக் காலில் புண் வரும். இன்ஜின்களுக்குத் துரு வரும். துருவை அவர் ஓர் ஆளாகவே பேசுவார். "வந்துட்டான் பாரு" என்பார். ஐப்பசி மழைக்கு முன்னால் உப்பளம் ஓய்ந்ததும் இன்ஜின்களைக் கரையேற்றி, கடைசி நட்டு வரை கழற்றி, டீசலில் கழுவி, ஆயில் பூசி, சாக்கில் சுற்றி வைப்பார். தை மாதம் சாக்கைப் பிரித்தால் முதல் சுற்றிலேயே ஓடும். யாரும் சொல்லித் தந்ததில்லை. பூசாமல் விட்ட ஓர் இன்ஜின் செத்துப்போனதில் அவராகக் கற்றுக்கொண்டது.

அவருடைய ஒரே மகள் அருள்மொழி பதினோராம் வகுப்பு படிக்கும்போது, கூனிமேட்டில் சாலையைக் கடக்கையில் ஒரு வேன் மோதியது. இடுப்புக்குக் கீழே உணர்வில்லாமல் போயிற்று. கொஞ்ச காலம் தோழிகள் வந்துபோனார்கள். பிறகு அவர்களுக்குக் கல்லூரி வந்தது. அருள்மொழியின் பேச்சு "ம்" என்ற அளவில் நின்றது.

சக்கர நாற்காலி கடற்காற்றில் துருப்பிடித்துக் கத்த ஆரம்பித்தபோது கலியமூர்த்தி அதையும் கழற்றி, கழுவி, ஆயில் போட்டார். அதன் பிறகு அது பூனை நடப்பதுபோல ஓடியது.

"காரு மாதிரி போவுதுப்பா" என்றாள் மகள். அதை அவர் உப்பளத்தில் எல்லோரிடமும் சொன்னார். அன்றிலிருந்து மாதம் தவறாமல் போட்டார்.

அந்தச் சமயத்தில்தான் அவள் செல்போனில் ஒரு துப்பாக்கி விளையாட்டைப் பிடித்துக்கொண்டாள். திண்டிவனத்தில் ஒருவன், காரைக்காலில் இரண்டு பேர், இவள். நாலு பேரும் ஓர் அணி. ஒருவரையொருவர் பார்த்ததில்லை, குரல் மட்டும்தான். விளையாடும்போது அவள் சிரித்தாள். செல்போன் சூடாகி நின்றதும் சிரிப்பும் நின்றது.

வேன் விபத்துக்குக் கிடைத்த நஷ்டஈட்டில் மீந்ததை எடுத்துக்கொண்டு கலியமூர்த்தி மகளுக்குக் கம்ப்யூட்டர் வாங்கப் புதுச்சேரிக்குப் போனார். கடைக்காரர் விஜயகுமார் பொறுமையாக விளக்கினார்.

"தனித்தனியா பார்ட்ஸ் வாங்கி மாட்டுனா கொஞ்சம் சல்லிசா முடியும்ணே. இது கம்பெனியிலயே மாட்டி வர்றது."

"வேணாம் தம்பி. நாலு பேர்கிட்ட வாங்கி மாட்டுன இன்ஜின் நின்னா, நாலு பேரும் அடுத்தவனத்தான் கை காட்டுவான். ஒரே கையில இருந்து முழுசா வரணும்."

விஜயகுமார் சிரித்தார். "அப்ப நீங்களும் கை வைக்கக் கூடாது. இந்த ஸ்டிக்கர் கிழிஞ்சா கம்பெனி பொறுப்பு கெடையாது. எதுன்னாலும் ஒரு போன் போடுங்க."

"நான் எதுக்குப்பா தொறக்கப் போறேன்?"

வீட்டில் அதை மாட்டியதும் பெட்டியின் கண்ணாடிப் பக்கத்துக்குள் சிவப்பும் நீலமுமாக விளக்குகள் சுற்றின. "தீமிதிக்குப் போட்ட சீரியல் செட்டு மாதிரி இருக்குது" என்றாள் அவர் மனைவி சூர்யகலா. அருள்மொழி விழுந்து விழுந்து சிரித்தாள்.

அதற்குப் பிறகு வீட்டில் சத்தம் இருந்தது. கலியமூர்த்தி வேலை விட்டு வந்து, திரைச்சீலைக்கு வெளியே டீயோடு உட்கார்ந்துகொள்வார். அந்த மூன்று பேரும் அவளை கேப்டன் என்று கூப்பிட்டார்கள்.

"கேப்டன், பின்னாடி வர்றான்!"

"டேய் லூசு, நீ அங்கயே நில்லு. நான் ஓடி வர்றேன்."

அவளால் நடக்க முடியாது என்பது அவர்களுக்குத் தெரியாது. நான் ஓடி வர்றேன் என்று மகள் சொல்லும் ஒவ்வொரு தடவையும் கலியமூர்த்தி டீயைக் கீழே வைத்துவிடுவார்.

ஐப்பசி பிறந்தது. மாநில அளவில் ஏதோ போட்டியாம். ஞாயிற்றுக்கிழமை இவர்கள் ஆட்டம். அதற்கு முன் வியாழக்கிழமை, அருள்மொழியும் சூர்யகலாவும் வைத்தியத்துக்காகப் புதுச்சேரி ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். அன்று அறையைக் கூட்டும்போதுதான் கலியமூர்த்தி கண்ணாடி வழியாகப் பார்த்தார். திருகாணிகளின் தலையில் பழுப்பு. பின்பக்கத் தகட்டின் ஓரத்தில் வெள்ளையாக உப்புப் பூத்திருந்தது. வந்துவிட்டான்.

விஜயகுமாருக்குப் போன் போடலாம் என்று தோன்றியது. எடுத்துக்கொண்டு போனால் ஞாயிறுக்குள் திரும்பி வராது. நடு ஆட்டத்தில் நின்றால் குழந்தை என்ன செய்வாள்? அவர் ஸ்டிக்கரைப் பிளேடால், கிழியாமல், ஓரத்திலிருந்து நிமிண்டி எடுத்தார்.

இன்ஜினுக்குப் போடும் பழைய ஆயிலை அவர் தொடவில்லை. புது ஆயில் வாங்கினார். புது பிரஷ் வாங்கினார். ஒவ்வொரு பாகத்தையும் கழற்றி, எங்கிருந்து எடுத்தார் என்பது மறக்காமல் வரிசையாகத் துணியில் பரப்பினார். டீசலைத் தொட்டுத் தொட்டுத் துரு போகத் தேய்த்தார். பிறகு ஆயில். பச்சைப் பலகைமேல், செருகும் பள்ளங்களுக்குள், விசிறிகளின் நடுவில். மாட்டி முடித்து ஸ்டிக்கரையும் ஒட்டியபோது உள்ளே எல்லாம் பளபளத்தது.

சனிக்கிழமை அவர்கள் திரும்பினார்கள். அருள்மொழி வந்ததும் வராததுமாக சுவிட்சைப் போட்டாள். விளக்குகள் சுற்றின. விசிறி ஓடியது. டீசல் வாடை அடித்தது, பிறகு கருகல் வாடை. மெல்லிய புகை எழுந்து எல்லாம் அணைந்தது. அவள் வயரைப் பிடுங்கிவிட்டுக் கண்ணாடிக்கு அருகே குனிந்தாள்.

"அப்பா, உள்ள என்னாப்பா இது?"

"ஆயிலும்மா. துரு புடிச்சிருந்துச்சு."

"எல்லாத்துலயுமா?"

"ஒரு எடம் வுடல."

அவள் அப்பாவைப் பார்த்தாள். சூர்யகலாதான் கத்தினாள். "இன்ஜினும் இதுவும் ஒண்ணாங்க? படிச்சவங்க செய்யறதுல போயி கைய வச்சீங்களே!"

"வுடும்மா" என்றாள் அருள்மொழி. "பரவால்லப்பா."

அவள் திட்டியிருந்தால் அவர் தாங்கியிருப்பார். ஞாயிற்றுக்கிழமை அவள் செல்போன் விட்டுவிட்டு அடித்தது. எடுக்கவில்லை. மதியத்துக்கு மேல் அதுவும் அடிக்கவில்லை.

திங்கட்கிழமை கடையில் விஜயகுமார் மூடியைத் திறந்து, பலகையை விரலால் தொட்டு முகர்ந்து பார்த்தார்.

"என் தப்புதான் தம்பி. எதுனா பண்ண முடியுமா?"

"துரு மட்டும்னா கம்பெனிக்கு அனுப்பி நானே மாத்திக் குடுத்திருப்பேன்ணே. கடலோரத்துக்கு நெறைய பேருக்கு மாத்தியிருக்கேன். இப்ப யாரக் கை காட்டுவேன்?"

அதைக் கலியமூர்த்தி வீட்டில் சொல்லவில்லை. கடக்காரர் என்னாப்பா சொன்னாரு என்று மகள் கேட்டபோது, "நம்ப ஊரு காத்துக்கு அது தாங்காதாம்மா" என்றார்.

"ம்" என்றாள்.

அணிக்கு வேறு ஆள் வந்துவிட்டதாகப் பிறகு சூர்யகலா மூலம் தெரிந்தது. கலியமூர்த்தி இப்போதும் வேலை விட்டு வந்து திரைச்சீலைக்கு வெளியேதான் உட்காருகிறார். உள்ளே அவள் சன்னலோரம் இருக்கிறாளா, கட்டிலருகே இருக்கிறாளா என்றுகூடத் தெரியாது. நாற்காலி அப்படிச் சத்தமில்லாமல் ஓடியது.

அடுத்த மாதம் நாற்காலிக்கு ஆயில் போடும் நாள் வந்தது. அவர் போடவில்லை. அதற்கடுத்த மாதமும் போடவில்லை.

மார்கழிப் பனியில் ஒருநாள் உள்ளேயிருந்து கிறீச்சென்று கேட்டது.

"அப்பா, சக்கரம் கத்துதுப்பா."

"போடறேம்மா" என்றார். எழுந்திருக்காமல், அது எந்தப் பக்கம் நகர்கிறது என்று கேட்டுக்கொண்டிருந்தார்.