சப்பாத்துத் தட்டுக்கு மேலே ஒரு படம்

மொன்றியல் லாசாலில் நானும் ஒரு சினேகிதனும் ஒரே அறையில் இருந்த காலத்தில், நான் அந்த ஜப்பான் கம்பனியின் கேமை விளையாடத் தொடங்கினாலே, ரீவியை நிப்பாட்டு என்று அவன் கத்துவான். அவனுக்குத்தான், பாருங்கள், செல்போன் கேம் செய்யும் இடத்தில் வேலை கிடைத்தது. அவர்கள் அந்தப் பழைய ஜப்பான் கம்பனியையே வாங்கிவிட்டார்கள். எனக்கு வயிறு பற்றி எரிந்தது.

அந்தக் கேமில் வரும் என் கதாநாயகியை வரைந்த மனிதர் மொன்றியல் வந்தபோது, சாப்பிடக் கூட்டிப்போனதும் இவன்தான். அவர் அவளை வரைந்து, கையெழுத்தும் போட்டுக் கொடுத்தாராம். பியர்பொன்ட்ஸ் பக்கம் இப்போது அவன் இருக்கும் வீட்டில் சப்பாத்துத் தட்டுக்கு மேலே அதை மாட்டியிருந்தான். லாசாலில் இருந்தபோது, கேமில் அவள் செத்த அன்று நான் வேலைக்கே போகவில்லை.

“வடிவாயிருக்கு, என்ன?” என்றான். “இவள் ஆர் மச்சான்? உனக்குத் தெரியுமே?”