மரியாதையாக மிரட்டியவர்

தொண்ணூற்று மூன்றில் விழுப்புரத்தில் நான் துப்பறியும் நிலையம் திறந்தபோது, போர்டு எழுதியவர் 'துப்பும் நிலையம்' என்று எழுதிக் கொண்டுவந்து மாட்டிவிட்டுப் போய்விட்டார். என் வீட்டுக்காரர் அதை மாற்ற விடவில்லை. "இருக்கட்டும் விடு. அப்படியாவது நாலு பேரு உள்ள வந்து பார்ப்பாங்க" என்றார். அவர் சொன்னபடியே முதல் வாரம் உள்ளே வந்தவர் ஒரு பல் டாக்டரைத் தேடிக்கொண்டு வந்தவர்.

துப்பறிகிற பொம்பளை என்றால் ஜனங்கள் என்னென்னவோ நினைத்துக்கொள்வார்கள். நான் செய்ததெல்லாம் கல்யாண விசாரணை. மாப்பிள்ளை குடிப்பாரா, பெண்ணுக்கு வேறு எங்காவது பேச்சு இருக்கா, சொந்த வீடு என்று சொன்னது வாடகை வீடா. இதற்குத் துப்பாக்கியெல்லாம் வேண்டாம். பக்கத்து வீட்டில் போய் ஒரு டம்ளர் தண்ணி கேட்டால் போதும், முழுக் குடும்பக் கதையும் தண்ணியோடு வந்துவிடும். பதினைந்து வருஷத்துக்கு மேல் இப்படித்தான் ஓடியது. கேமரா வைத்த செல்போன் எல்லார் கையிலும் வந்த சமயத்தில்தான் அந்த மேடம் வந்தார்.

திண்டிவனம் தாண்டி ஒரு தனியார் பல்கலைக்கழகம். பெயர் வேண்டாம். அங்கே வேதியியல் பேராசிரியர், பெண்கள் விடுதிக்கு வார்டனும் அவரே. எங்கள் தெருப் பெண் ஒருத்தி அங்கே படித்ததால் எனக்கு அவரை ஏற்கெனவே தெரியும். அதாவது, அவருடைய சட்டதிட்டங்கள் தெரியும். பையன்களோடு காண்டீன் போகக்கூடாது. பையன்களோடு பஸ் ஸ்டாப்பில் நிற்கக்கூடாது. ஒரு தடவை வகுப்பே சேர்ந்து பனமலை கோயிலுக்கு டூர் கேட்டபோது, "மலை எங்கயும் ஓடிடாது. கல்யாணம் ஆனப்புறம் புருஷனோட போய்ப் பாருங்க" என்று சொல்லி அனுப்பிவிட்டாராம்.

அப்படிப்பட்டவர் என் எதிரே உட்கார்ந்து, சேலைத் தலைப்பைச் சுருட்டிச் சுருட்டிப் பிரித்துக்கொண்டிருந்தார். ஐம்பதை ஒட்டிய வயது. கணவர் இறந்து பல வருஷம் ஆகிறது. ஒரே மகள் பெங்களூரில் வேலை. கழுத்தில் சின்னச் சிலுவை போட்ட செயின்.

"என்னை ஒருத்தர் மிரட்டிக்கினு இருக்காரு" என்றார்.

கைப்பையிலிருந்து ஒரு போட்டோவை எடுத்துக் கவிழ்த்து வைத்தார். நான் மனசைத் திடப்படுத்திக்கொண்டு திருப்பினேன். இந்தத் தொழிலில் கவிழ்த்து வைக்கிற போட்டோவெல்லாம் ஒரு தினுசாகத்தான் இருக்கும். இதிலோ பனமலை ஏரிக்கரை. மேடமும், நரைத்த மீசை வைத்த ஒருவரும் கரையில் உட்கார்ந்திருக்கிறார்கள். நடுவில் ஒரு பேப்பரில் வேகவைத்த மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை. அவர் உரித்துக் கொடுக்கிறார், மேடம் வாங்கிக்கொள்கிறார்.

"வேற போட்டோ இருக்குதா மேடம்?"

"இதுதான்."

"இதுக்கா?" என்று கேட்டுவிட்டேன். கேட்டிருக்கக்கூடாது. மேடத்தின் முகம் சிவந்துவிட்டது.

"உங்களுக்கு மல்லாட்டை. எங்க காம்பஸ்ல இருக்கற எண்ணூறு பொண்ணுங்களுக்கு இது வேற. அதுவும் பனமலையில" என்றார்.

மீசைக்காரர் விழுப்புரத்தை அடுத்த காணை ஊர்க் கரும்பு விவசாயி, மனைவியை இழந்தவர். நிலத்து மண்ணைப் பரிசோதிக்க பல்கலைக்கழகத்துக்கு வந்த இடத்தில் பழக்கம். மண் பரிசோதனை ஒரே நாளில் முடிந்துவிட்டது. பழக்கம் முடியவில்லை. கல்யாணம் செய்துகொள்ளலாம் என்று அவர் கேட்டிருந்தார். மகளிடம் எப்படிச் சொல்வது என்று தெரியாமல் மேடம் நாள் கடத்திக்கொண்டிருந்தார்.

இதற்கிடையில் சென்னை வளாகத்துக்கு முதல்வராகப் போகும்படி மேடத்தைக் கேட்டிருந்தார்கள். அடுத்த வாரமே இந்தப் போட்டோ அவருடைய மேஜை டிராயரில் கிடந்தது. பிறகு போன் வந்தது. ஒரு ஆண் குரல், துணி வைத்து மூடிப் பேசுகிற மாதிரி. சென்னைப் பதவியை ஏற்றுக்கொண்டால் இந்தப் போட்டோ விடுதி நோட்டீஸ் போர்டில் ஒட்டப்படும். அவ்வளவுதான் கோரிக்கை. காசு பணம் ஒன்றும் வேண்டாமாம்.

மேடம் என்னிடம் பேசிக்கொண்டிருக்கும்போதே போன் அடித்தது. அதே ஆள். ஸ்பீக்கரில் போடச் சொன்னேன்.

"மேடம், தப்பா நெனச்சிக்காதீங்க. முடிவு எடுத்துட்டீங்களா?"

"யாருங்க நீங்க?"

"அதைக் கேக்காதீங்க மேடம். நீங்க சென்னைக்குப் போவக்கூடாது. போனா போட்டோ வெளிய வரும். ரொம்ப... ரொம்ப..." பேப்பர் சரசரத்தது. "ரொம்ப அவமானப்படுவீங்க." ஒரு இருமல். "ஒரு நிமிஷம் மேடம்." தண்ணீர் குடிக்கும் சத்தம். "அவ்ளோதான் மேடம். வச்சிடட்டுங்களா?"

மேடம் பழக்கதோஷத்தில் "சரிங்க" என்றார். அப்புறம்தான் அந்த ஆள் போனை வைத்தார்.

என் தொழிலில் எத்தனையோ பேர் மிரட்டக் கேட்டிருக்கிறேன். போனை வைக்க அனுமதி கேட்ட ஆளை அன்றைக்குத்தான் கண்டேன். சிரிப்பு வந்தது. ஆனால் மேடம் போட்டோவை மறுபடி கவிழ்த்து வைத்தார். பத்து நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை என்றார். ராஜினாமா எழுதிவிடலாமா என்றுகூட யோசித்தாராம். சிரிப்பை அடக்கிக்கொண்டேன்.

டிராயரில் போட்டோ வைத்தவர் உள்ளே வந்துபோகிற ஆளாகத்தான் இருக்கவேண்டும். அதனால் நான் தவணைப் புடவைக்காரியாக அந்த வளாகத்துக்குள் நுழைந்தேன். மூட்டையை அவிழ்த்தால் பேராசிரியர்கள், குமாஸ்தாக்கள், ஆயாக்கள் எல்லாரும் ஒரே வட்டத்தில் உட்கார்ந்துவிடுவார்கள். புடவையை மடியில் வைத்துக்கொண்டு பொம்பளைகள் பேசாத விஷயமே கிடையாது. ஒரு வாரத்தில் பல்கலைக்கழகத்தின் சகல ரகசியங்களும் எனக்குத் தெரிந்துவிட்டன, எனக்கு வேண்டிய ஒன்றைத் தவிர. புடவை மட்டும் நன்றாக விற்றது. "பேசாம இதையே தொழிலா வச்சிக்கோ" என்றார் வீட்டுக்காரர்.

என் சந்தேகம் முழுக்க ஒரு ஆளின் மேல்தான். மேடம் சென்னைக்குப் போகாவிட்டால் அந்தப் பதவி அடுத்த சீனியரான இயற்பியல் பேராசிரியருக்குத்தான் போகும். சிடுசிடு ஆள். அவர் அறைக்கும் மூட்டையைத் தூக்கிக்கொண்டு போனேன்.

"சார் சென்னைக்குப் போவப்போறீங்களாமே" என்று மெதுவாக ஆரம்பித்தேன்.

"யாரு சொன்னா?" பதறிப்போய் எழுந்துவிட்டார். "அந்தப் பேஜாரே வேணாம்மா. எனக்கு சுகரு. என் வீட்டுல பசுமாடு இருக்குது, மாட்ட விட்டுட்டு வீட்டுக்காரி வரமாட்டா. வார்டன் மேடம் ஜல்தியா கையெழுத்து போட்டா மயிலம் முருகனுக்கு மொட்டை போடறேன்னு வேண்டிக்கினு இருக்கேன்."

மனைவிக்கு இரண்டு புடவை எடுத்துக்கொண்டார். என் ஒரே சந்தேகம் தவணையோடு போய்விட்டது.

வார்டன் மேடத்துக்கு அங்கே ஒரே ஒரு சிநேகிதி. கணக்குப் பேராசிரியை. இருவருக்கும் விழுப்புரத்தில் வீடு. வேலையில் சேர்ந்த நாளிலிருந்து காலை பாசஞ்சரில் ஒன்றாகப் போய் சாயங்காலம் ஒன்றாகத் திரும்புகிறவர்கள். ஒரே டிபன் பாக்ஸில் சாப்பிடுகிறவர்கள். விடுதியில் தங்கவேண்டிய நாட்களில்கூட வார்டன் மேடம் ஸ்டேஷன் வரை வந்து அவரை ரயிலேற்றிவிட்டுப் போவாராம். மிரட்டல் விஷயத்தை அவரிடம் மட்டும் வார்டன் மேடம் சொல்லியிருந்தார்; என்னிடம் வந்ததைச் சொல்லவில்லை. "பேசாம சென்னை வேணாம்னு எழுதிக் குடுத்துடு. மானம்தானே முக்கியம்" என்று அவர் ஆறுதல் சொன்னாராம்.

அந்தக் கணக்கு மேடம் ஞாயிற்றுக்கிழமை என்னை வீட்டுக்கு வரச் சொன்னார். நாத்தனாருக்குப் பட்டுப்புடவை வேண்டுமாம். போனேன். கூடத்தில் மூட்டையைப் பிரித்தேன். அவருடைய கணவர், சர்க்கார் ஆபீஸ் குமாஸ்தா, ஒரு ஓரமாக உட்கார்ந்து போனில் பேசிக்கொண்டிருந்தார். ஒல்லியான, சாதுவான மனிதர். யாரோ மேலதிகாரி போலிருக்கிறது. "தப்பா நெனச்சிக்காதீங்க சார்... இல்லீங்க சார்..." ஒரு இருமல். "ஒரு நிமிஷம் சார்." சொம்பை எடுத்துத் தண்ணீர் குடித்தார். "வச்சிடட்டுங்களா சார்?"

என் கையிலிருந்த பட்டு நழுவி விழுந்தது.

கணக்கு மேடம் காபி போட உள்ளே போனதும், குரலைத் தாழ்த்திக் கேட்டேன். "சார், பனமலை கோயிலுக்குக் கடைசியா எப்பப் போனீங்க?"

அந்த மனிதரைப் பார்க்கவே பாவமாக இருந்தது. விழுந்த புடவையை எடுத்து மடித்தார். பிரித்தார். மறுபடி மடித்தார். "அவதாங்க எழுதிக் குடுத்தா. நான் சும்மா படிச்சேன். மேடம் ரொம்பக் கஷ்டப்படறாங்களா?" என்று கேட்டார்.

காபியோடு வந்த கணக்கு மேடம் எங்கள் இரண்டு பேர் முகத்தையும் பார்த்தார். தட்டைக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்துகொண்டார். நான் யார் என்று சொன்னேன். கோபப்படுவார் என்று நினைத்தேன். அவர் முதலில் கேட்டது இதுதான்: "அப்போ புடவையெல்லாம்?"

"புடவை நெசம்தாங்க" என்றேன்.

அப்புறம் உடைந்துபோய் அழுதார். தற்செயலாகத்தான் அன்றைக்குப் பனமலையில் பார்த்தார்களாம். புதுப் போனில் சும்மா எடுத்த படமாம். "அந்தாளை அவ கட்டிக்கட்டும், எனக்கு என்னா? அது காணை, பக்கத்துலதான். ஆனா சென்னைக்குப் போயிட்டா? நான் காலையில யாரோட ரயில் ஏறுவேன்? யாருகிட்டப் பேசுவேன்? இவரு என்னைக்காவது பேசி நீங்க கேட்டிருக்கீங்களா?"

கணவர் புடவையை இன்னொரு முறை மடித்தார்.

"போவாதேன்னு நேரா ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே மேடம்."

"சொன்னா போவாம இருந்துடுவா. எனக்காக விட்டுட்டேன்னு ஆயுசு பூரா சொல்லிக்காட்டுவா" என்றார். கணக்கில் டாக்டர் பட்டம் வாங்கியவரின் கணக்கு இப்படி இருந்தது.

வார்டன் மேடத்திடம் சொன்னபோது, "அவளா?" என்று மட்டும் கேட்டார். திடீரென்று போனை எடுத்து, என் முன்னாலேயே மகளைக் கூப்பிட்டார். பயப்படுவதற்கு இனி ஒன்றுமில்லை என்று தோன்றியதோ என்னவோ, மூச்சு விடாமல் எல்லாவற்றையும் சொல்லி முடித்தார்.

மகளின் குரல் எனக்கே கேட்டது. "கரும்பு அங்கிளா? ரொம்ப நாளாவே தெரியுமே. மாசாமாசம் வெல்லம் அனுப்பறியே, கடையில வாங்குனதுன்னா நெனச்சிக்கினு இருந்தேன்? எப்பம்மா கல்யாணம்? லீவு போடணும்."

மேடம் சிரித்தார். சிரித்துக்கொண்டிருக்கும்போதே அழுகையும் வந்துவிட்டது. நான் வெளியே போய் இரண்டு டீ சொன்னேன்.

மறுநாள் காலை ரயிலுக்கு என்னையும் வரச் சொன்னார். "கோவத்துல நான் ஏதாவது பண்ணிடுவேன், நீங்க பக்கத்துல இருங்க" என்றார். கணக்கு மேடம் வழக்கமான இடத்தில், ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். இவர் எதிரே உட்கார்ந்து போட்டோவை எடுத்து அவர் மடியில் வைத்தார்.

"உங்க வீட்டுக்காரருக்குப் படமே எடுக்கத் தெரியல. எங்க கரும்புக்காரரு தலை பாதி வெட்டுப்பட்டிருக்குது பாரு."

கணக்கு மேடம் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். பக்கத்தில் கூடைக்காரம்மா ஒருத்தி, "யாருனா பூட்டாங்களா?" என்று என்னிடம் கேட்டார். யாரும் சாகவில்லை என்று தலையாட்டினேன்.

"நீ பண்ணது சின்ன விஷயம் இல்ல" என்றார் வார்டன் மேடம். இப்போது குரலில் கிண்டல் இல்லை. "தூங்கி எத்தனை நாள் ஆவுது தெரியுமா? யாரு யாருன்னு காம்பஸ்ல ஒவ்வொரு மூஞ்சியா பார்த்துக்கினு திரிஞ்சேன். உன் மூஞ்சிய மட்டும் பார்க்கவே இல்ல. அதான் எனக்குத் தாங்கல."

முண்டியம்பாக்கம் ஆலையின் கரும்புச்சாறு வாசம் பெட்டிக்குள் வந்து போனது. திண்டிவனத்தில் இறங்கும்போது வார்டன் மேடம், "நான் சென்னைக்குப் போறேன்" என்றார். மற்றவர் தலையாட்டினார். தனித்தனி ஷேர் ஆட்டோவில் போனார்கள்.

போலீஸ், புகார் என்று எதுவும் வேண்டாம் என்று வார்டன் மேடம் சொல்லிவிட்டார். கல்யாணம் விழுப்புரம் ரிஜிஸ்டர் ஆபீசில் நடந்தது. மாலை பெரிதாக இருந்ததால் மாப்பிள்ளையின் மீசை மட்டும் தெரிந்தது. மகள்தான் சாட்சிக் கையெழுத்து. கணக்கு மேடத்துக்கும் அழைப்பு போயிருந்தது. கணவரோடு வந்து, வெளி பெஞ்சில் உட்கார்ந்திருந்துவிட்டு, சாப்பிடாமல் போய்விட்டார்.

ஒரு வருஷத்துக்கு மேல் இருவருக்கும் பேச்சில்லை. வார்டன் மேடத்துக்கு வைரஸ் காய்ச்சல் வந்து சென்னையில் படுத்திருந்தபோது, கணக்கு மேடம் சொல்லாமல் கொள்ளாமல் கேப்பைக் கஞ்சியோடு போய் நின்றிருக்கிறார். அன்றைக்குப் பேச்சு ஆரம்பித்தது. பழையபடி ஆகிவிட்டது என்று சொல்லமாட்டேன். வார்டன் மேடமே ஒருமுறை என்னிடம், "அவமேல கோவம் போயிடுச்சு. ஆனா எதைச் சொல்லலாம், எதைச் சொல்லக்கூடாதுன்னு இப்ப யோசிச்சுப் பேசறேன். அதுக்கு முன்னாடி யோசிச்சதே இல்ல" என்றார்.

சில வருஷம் கழித்து மகளின் கல்யாண வரவேற்பு திண்டிவனத்தில் நடந்தது. எனக்கும் பத்திரிகை வந்தது. போனபோது இரண்டு மேடமும் ஒரே மேஜையில் உட்கார்ந்திருந்தார்கள். பிரியாணியில் உப்பு குறைச்சல் என்று ஒருவர், சரியாகத்தான் இருக்கிறது என்று மற்றவர். தீர்ப்புச் சொல்லச் சொல்லி என்னை நடுவில் உட்காரவைத்தார்கள். ஒரு வாய் எடுத்துப் பார்த்தேன். உப்பு குறைச்சல்தான். ஆனாலும் நான் எந்தப் பக்கமும் சொல்லாமல், இலையைப் பார்த்துச் சாப்பிட்டு எழுந்தேன்.