அசையாமல் நின்ற காது

ஏலக்காய் எடுக்கும் பெண்கள் வேலை நேரத்தில் வாய் மூடுவதில்லை. செடி ஆள் உயரத்துக்கு மேல் நிற்கும். காயோ தூரடியில், மண்ணோடு படுத்திருக்கும் சரத்தில் இருக்கும். குத்தவைத்துத்தான் எடுக்க வேண்டும். குத்தவைத்த ஆளை இலை மூடிவிடும். ஆகவே மாமியார் கதை, மூட்டுவலிக் கதை என்று எதையாவது சத்தமாகப் பேசிக்கொண்டே இருப்பார்கள். யார் எங்கே இருக்கிறாள் என்பதற்குக் குரல்தான் அடையாளம். எல்லாக் குரலும் ஒரேயடியாக நின்றால் ஒரே அர்த்தம்தான். ஆனை வந்திருக்கிறது.

இது அந்த மத்தியானம் வரை எனக்குத் தெரியாது. நான் போடியில் பழுதான மோட்டாருக்குச் செம்புக் கம்பி சுற்றுகிறவன். மலையேறிப் போகிறவள் என் மனைவி. விடியுமுன் ஜீப்பு ஏறினால் இருட்டும்போதுதான் வீடு. அன்றைக்கு அவள் வேலை செய்யும் தோட்டத்தில், காய் உலர்த்தும் ஸ்டோரின் மோட்டார் நின்றுபோனதால் நானும் அதே ஜீப்பில் போனேன். போடிமெட்டு வளைவுகளில் பெண்கள் ஆனையைப் பற்றியே பேசினார்கள்.

“அதை எங்க ரேஷன் கடை வரிசையில ஒரு நாள் நிப்பாட்டுங்கத்தா. காடே சொகமுன்னு ஓடிரும்” என்றேன்.

ஜீப்பு முழுக்கச் சிரித்தது. என் மனைவி சிரிக்கவில்லை. “மேல வந்து இந்த வாய வச்சுக்கிட்டுச் சும்மா இருங்க” என்றாள்.

மோட்டாரை ஓடவிட்டுவிட்டு, பெருமை பேச அவளைத் தேடித் தோட்டத்துக்குள் இறங்கினேன். ஓடைப் பக்கம் எடுத்துக்கொண்டிருப்பதாக ஸ்டோரில் சொன்னார்கள். கீழே பேச்சுச் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. சட்டென்று நின்றது. என்னைப் பயமுறுத்தத்தான் ஒளிந்து விளையாடுகிறார்கள் என்று நினைத்தேன்.

“என்னத்தா, எல்லாருக்கும் வாயில கொழுக்கட்டையா?” என்று கத்தினேன்.

ஒரு கை என் சட்டையைப் பிடித்து இழுத்தது. ஆட்களைக் கூட்டிவருகிற அக்கா. செடிக்குள் என்னை உட்காரவைத்து, காதோடு சொன்னாள்: “ஆனை நிக்குது. மூச்சு விடாதீங்க.”

மூச்சு விடாமல் எத்தனை நேரம் இருப்பது என்று கேட்க வாய் வந்தது. நல்லவேளை, வந்த வாய் உலர்ந்திருந்தது.

பலாமரத்தை ஒட்டி, இலைகளுக்கு நடுவில், ஒரு காது மட்டும் தெரிந்தது. அது அசையவில்லை. ஆனை காதை ஆட்டாமல் நின்றால் கவனிக்கிறது என்று பொருளாம். என் கொழுக்கட்டையைத்தான் கவனித்திருக்கும். பிறகு அந்தக் காது ஓடைப் பக்கம் திரும்பியது.

அங்கே என் மனைவி இருந்தாள். நான் கத்தாமல் இருந்திருந்தால் ஆனை வந்த வழியே போயிருக்குமோ என்னவோ. குலசாமிக்கு ஒரு கிடா நேர்ந்தேன். ஆனை ஓடைப் பக்கம் ஓர் எட்டு வைத்தது. கிடாவை இரண்டாக்கினேன். எழுந்து, அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுவிடுவேன் போலிருந்தது. அக்கா என் முகத்தைப் பார்த்தாள்.

“கை சும்மா இருந்தா நீங்க கத்திப்புடுவீங்கண்ணே. காயி எடுங்க.”

ஒரு வாளியை என் பக்கம் தள்ளினாள். அவளும் எடுக்கத்தான் செய்தாள், மெதுவாக, ஒவ்வொன்றாக. நானும் எடுத்தேன். அப்போது ஓடைப் பக்கமிருந்து ஒரு சத்தம் வந்தது. வாளியில் காய் விழுகிற மாதிரி, டொக். கொஞ்சம் விட்டு, டொக். அவள்தான் என்று முடிவுகட்டிக்கொண்டேன். அவள் போட்டபோது நானும் ஒன்று போட்டேன். அவள் நிறுத்தினால் நானும் நிறுத்தினேன். பயம் போகவில்லை. ஆனால் கத்தத் தோன்றவில்லை. மூச்சு தானாக வந்து போனது.

பெரிய உடம்பு ஒன்று செடிகளை ஒடித்துக்கொண்டு இறங்கும் சத்தம். ஓடைக்கு அப்பால் போயிற்று. வெகுநேரம் கழித்து யாரோ ஒருத்தி தொண்டையைச் செருமி, மூட்டுவலியை விட்ட இடத்திலிருந்து தொடங்கினாள்.

நான் வாளியோடு ஓடைக்கு ஓடினேன். ஆள் இல்லை. பாறையிடுக்கிலிருந்து ஒரு கவிழ்ந்த தகரத்தில் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. டொக்.

அவள் முன்பே மூட்டையோடு வேறு பாதையில் ஸ்டோருக்கு ஏறியிருந்தாள். நான் போய்ச் சேர்ந்தபோது வாசல்படியில் உட்கார்ந்திருந்தாள். என் சத்தம் அங்கே வரை கேட்டிருக்கிறது. அதற்குப் பிறகு ஒன்றும் கேட்கவில்லை.

“வாயத் தொறந்து ஏதாச்சும் சொல்லுங்க” என்றாள். என் கையிலிருந்த வாளியை வாங்கிப் பார்த்தாள். “அத்தனையும் பிஞ்சு” என்றாள், அழ ஆரம்பித்தாள்.

மறுநாளும் ஜீப்பு வந்தது. போகாதே என்று சொல்ல எனக்கு வசதியில்லை. ஏற்றிவிட்டு வந்து, வீட்டிலிருந்த பூண்டை எல்லாம் முறத்தில் கொட்டி உரிக்க உட்கார்ந்தேன். ஒவ்வொன்றாக. மேலே போனதும் போன் செய்தாள்.

“என்ன பண்றீங்க?”

“பூண்டு உரிக்கிறேன்.”

“எதுக்கு?”

“நீ பேசிக்கிட்டே இரு” என்றேன்.