ஆவுடைத்தாய் குனிந்து பார்த்தாள்

தாலுகா ஆபீஸ் வாசலில் முப்பது வருஷமாக மனு எழுதுகிறேன். எத்தனையோ பொய்யை அழகான கையெழுத்தில் எழுதிக் கொடுத்திருக்கிறேன். ஒன்றுக்கும் தூக்கம் கெட்டதில்லை. ஆவுடைத்தாய்க்கு நிரப்பிக் கொடுத்த அந்த ஒரு தாளை நினைத்தால் மட்டும் இன்றைக்கும் தூக்கம் போய்விடுகிறது.

ஆவுடைத்தாய்க்கு ஊர் கயத்தாறு பக்கம். ஆடு வளர்க்கும் குடும்பம். பத்தொன்பது வயதில் துணை ராணுவத்துக்குப் போய், இருபத்திரண்டு வருஷம் துப்பாக்கி தூக்கிவிட்டுப் பென்ஷனோடு திரும்பி வந்து மறுபடியும் ஆடு வளர்க்கிறாள். கல்யாணம் வேண்டாமென்று இருந்துவிட்டாள். தாயில்லாத அண்ணன் மகள் கிருஷ்ணப்ரியாவைத் தன் பிள்ளையாக வளர்த்து, தினமும் நாலு மைல் ஓடவிட்டு, அதே படையில் சேர்த்தும் விட்டாள். அந்தப் பெண் பயிற்சி முடித்து வடக்கே காட்டு டூட்டிக்குக் கிளம்பிய மாசம்தான் இது நடந்தது.

குண்டு தாங்கும் தலைக்கவசம் செய்கிற ஒரு கம்பெனி. பெயரைச் சொல்லி என் வாயைக் கெடுத்துக்கொள்ளவில்லை. எடை குறைந்த புது மாடலாம். நெற்றியில் விளக்கு மாட்ட ஒரு கொக்கி, காதுப் பக்கம் இரண்டிலும் கேமரா, ஹெட்போன் மாட்டப் பட்டை. படையில் இருந்தவர்கள் இதைப் போட்டுப் பார்த்துக் கருத்து எழுதித் தர வேண்டும். கோவில்பட்டியில் ஒரு கல்யாண மண்டபத்தைப் பிடித்து, ஓய்வு பெற்றவர்கள் பதினான்கு பேரைக் கூப்பிட்டிருந்தார்கள். பெண் என்று ஆவுடைத்தாய் ஒருத்திதான். படிவம் இங்கிலீஷில் இருந்ததால் நிரப்ப என்னைக் கூட்டிப்போனார்கள்.

சோதனையாம் சோதனை. ஃபேனுக்குக் கீழே நாற்காலியில் உட்கார வேண்டும். விளக்கு பொருத்திய கவசத்தை மாட்டிக்கொண்டு இந்தப் பக்கம் திரும்பு, அந்தப் பக்கம் திரும்பு. அவ்வளவுதான். மூக்குக்கண்ணாடி வாங்குகிறவன்கூடக் கடை வாசலுக்கு வந்து பஸ் போர்டைப் படித்துப் பார்ப்பான்.

இதில் எங்கள் ஊர்க்காரர்கள் செய்ததையும் சொல்ல வேண்டும். எங்கள் பக்கம் தண்ணிக்குடமோ பருத்தி மூட்டையோ, துண்டைச் சுருட்டிச் சும்மாடு வைக்காமல் தலையில் ஏற்ற மாட்டார்கள். சர்வீஸில் இருந்தபோது அதட்ட ஒரு ஹவில்தார் இருந்திருப்பார். இங்கே யார் இருக்கிறார்கள்? பதினான்கு பேரும் பழக்கதோஷத்தில் துண்டை மடித்து உச்சியில் வைத்து, அதன்மேல் கவசத்தை மாட்டினார்கள். ஆவுடைத்தாயும்தான்.

“கனமே தெரியல அண்ணாச்சி. அசையவும் இல்ல,” என்றாள். ‘மிக நன்று’ கட்டத்தில் நான் டிக் அடித்தேன். அவள் கையெழுத்துப் போட்டாள்.

சாப்பாடு முடிந்ததும் குரூப் போட்டோ எடுக்கக் கவசத்தை மறுபடி கொடுத்தார்கள். ஆவுடைத்தாய் முகம் கழுவி, துண்டால் துடைத்து, ஈரமாகிவிட்டதே என்று அதைத் தோளில் போட்டுவிட்டு வெறுந்தலையில் கவசத்தை மாட்டினாள். செருப்பைச் சரிசெய்யக் குனிந்தாள். விளக்கின் கனத்தில் கவசம் மூக்குவரை இறங்கிவிட்டது.

அதை மேலே தள்ளிவிட்டாள். பிறகு விறுவிறுவென்று மண்டபத்துக்குப் பின்னால் போனாள். உழுது போட்ட கரிசல். சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு குப்புறப் படுத்து, துப்பாக்கி பிடிக்கிற மாதிரிக் கையை வைத்துத் தலையைத் தூக்கினாள். பின்விளிம்பு கொண்டையில் இடித்து முன்பக்கத்தை இன்னும் கீழே தள்ளியது. பின்னால் இருந்த திருகை இறுக்கிப் பார்த்தாள். வாரை இறுக்கிப் பார்த்தாள். எழுந்தபோது சேலையெல்லாம் மண்.

“கண்ணு தெரியல அண்ணாச்சி,” என்றாள்.

கம்பெனி ஏஜென்ட் அழகிரிசாமியிடம் நேராகப் போனாள். “தம்பி, என் தாளைக் குடுங்க. தப்பாச் சொல்லிட்டேன். துண்டில்லாமப் போட்டா எறங்குது.”

“அப்பம் துண்டு வச்சுக்கிட வேண்டியதுதானக்கா?”

“துண்டு வச்சா ரெண்டு விரக்கடை மேல நிக்கும். நெத்தியும் பிடரியும் வெளிய கெடக்கும். உள்ள இருக்க மெத்தை தலையைப் பிடிக்காது. வாரது குண்டு தம்பி, பருத்தி மூட்டை இல்ல.”

“கையெழுத்துப் போட்டு, கம்ப்யூட்டர்லயும் ஏத்தியாச்சு. நீங்களா போடப்போறீக? ஒங்களுக்கு என்னத்துக்கு இந்தக் கவலை?”

“எங்க பிள்ளை போடுவா,” என்றாள்.

மற்ற பதின்மூன்று பேரும் கேட்டுக்கொண்டுதான் நின்றார்கள். குண்டுச் சத்தம் கேட்டவர்கள், கூட இருந்தவனைப் பறிகொடுத்தவர்கள். ஒருவரும் தன் தாளைத் திருப்பிக் கேட்கவில்லை. அவர்களில் சுடலைமணி மட்டும் துண்டை எடுத்துவிட்டுக் குனிந்து பார்த்தார். பார்த்தவர், துண்டை மறுபடி உள்ளே வைத்துக்கொண்டு போட்டோவுக்குப் போய் நின்றார். அந்த மனுஷனை இன்றைக்கும் ரோட்டில் பார்த்தால் நான் முகம் கொடுப்பதில்லை.

நான் மட்டும் என்ன யோக்கியம்? குனிந்து பார்த்தீர்களா என்று டிக் அடிக்கும் முன் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

மீந்த படிவங்கள் என் பையில் இருந்தன. மறுநாள் ஆவுடைத்தாய் என் மேஜைக்கு வந்து சொல்லச் சொல்ல எழுதினேன். குனிந்தால் கண் மறைக்கிறது. படுத்தால் கொண்டை இடிக்கிறது. திருகையும் வாரையும் இறுக்கினாலும் நிற்பதில்லை. பதவி என்ற இடத்தில் என்ன போடட்டும் என்று கேட்டேன்.

“கிருஷ்ணப்ரியாவோட அத்தைன்னு போடுங்க.”

பதிவுத் தபாலில் படையின் மேலிடத்துக்கே அனுப்பினோம். கிடைத்ததாக அட்டை வந்தது. பதில் வரவில்லை. இரண்டாவது அனுப்பினோம், மூன்றாவது அனுப்பினோம். எட்டு மாசம் ஓடிவிட்டது. நாட்டுக்காக இருபத்திரண்டு வருஷம் வெயிலில் நின்றவளுக்கு ஒரு வரி பதில் எழுத அங்கே ஒருத்தனுக்கும் கை வரவில்லை.

நான்காவது எழுத உட்கார்ந்திருந்தபோது அவள் போன் அடித்தது. கிருஷ்ணப்ரியா. ஆவுடைத்தாய் ஸ்பீக்கரில் போட்டாள்.

“அத்தை, புது ஹெல்மெட் குடுத்திருக்காவ. லைட்டெல்லாம் மாட்டலாம். கனமே தெரியல.”

“குனிஞ்சு பாத்தியா ஏட்டி?”

“மொதல்ல கண்ணுக்கு மேல எறங்குச்சு. இப்பம் துண்டை மடிச்சு உள்ள வச்சுக்கிட்டேன். கிண்ணுன்னு இருக்கு.”

துண்டை எடுத்துவிடு என்று சொல்ல ஆவுடைத்தாய் வாயெடுத்தாள். சொல்லவில்லை. எடுத்தால் அந்தப் பிள்ளைக்குக் கண் தெரியாது.