சந்தனம் பட்ட வெளி வட்டம்

சரஸ்வதி பூஜைக்கு மகள் தன் லேப்டாப் மூடியில் சந்தனப் பொட்டு வைத்தாள். நான் பதறி எழுந்ததில் கையிலிருந்த சாயா வேட்டியில். "வெறும் பொட்டுதானேப்பா" என்றாள். வெறும் பொட்டாம். அப்படியொரு வெறும் பொட்டு ஒருமுறை என் வேலையையே தின்னப் பார்த்தது.

எண்பதுகளில் கொச்சி மட்டாஞ்சேரியில் ஒரு மிளகு ஏற்றுமதிக் கம்பெனியில் நான் கம்ப்யூட்டர் ஆள். இருந்தது ஒரே கம்ப்யூட்டர். அதற்கு ஹார்ட் டிஸ்க் கிடையாது, எல்லாம் ஃப்ளாப்பிதான். சதுர உறைக்குள் மெல்லிய கறுப்புத் தட்டு, உறையில் நீளமாக ஒரு ஜன்னல், அதன் வழியே தட்டு வெளியே தெரியும். அடிக்கடி ஃப்ளாப்பி மாற்றச் சோம்பல்பட்டு, கம்ப்யூட்டரை எழுப்பும் டாஸையும் ஆபீஸ் கடிதங்களையும் ஒரே ஃப்ளாப்பியில் குடிவைத்திருந்தேன். அதற்குக் கெட்டிக்காரன் என்ற பெயரும் எனக்கு நானே கொடுத்திருந்தேன்.

முதலாளி தமிழர், பக்திமான். பூஜையன்று தராசு, சாக்கு ஊசி, டைப்ரைட்டர் எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்தவர், ஃப்ளாப்பிக்கு நெற்றி எது என்று தேடி, அந்த ஜன்னலின் வெளியோரத்தில் வைத்துவிட்டார்.

மறுநாள் மாலைக்குள் சரக்குக் காகிதங்கள் துறைமுகம் போக வேண்டும். போகாவிட்டால் மிளகு கிடங்கில், நான் தெருவில். காலையில் பொட்டைக் கவனிக்காமல் ஃப்ளாப்பியைச் செருகினேன். கர்ர்ரென்றது. கம்ப்யூட்டர் எழவில்லை.

எந்தக் கடிதம் தட்டில் எங்கெங்கே கிடக்கிறது என்று சொல்லும் அட்டவணை வெளி வட்டத்தில்தான் இருக்கும். ஒன்று கெட்டால் இன்னொன்று உதவட்டும் என்று அதற்கு இரண்டு பிரதி. எங்கே வைத்தான் டாஸை எழுதிய அந்தப் புண்ணியவான்? ஒட்டினாற்போல் பக்கத்திலேயே. வீட்டுச் சாவியையும் மாற்றுச் சாவியையும் ஒரே வளையத்தில் கோத்தவன். சுழன்ற வேகத்தில் சந்தனம் இரண்டையும் சேர்த்து மெழுகிவிட்டது.

"என்ன மோனே, அழுறியா?" என்றார் டைப்பிஸ்ட் லீலா சேச்சி.

"இல்ல சேச்சி, மிளகுத் தூசி."

வேறு ஃப்ளாப்பி போட்டுக் கம்ப்யூட்டரை எழுப்பி, டிரைவை ஸ்பிரிட்டால் துடைத்து, அட்டவணையை மறந்து தட்டை வட்டம் வட்டமாகப் படித்து அச்சடித்தேன். எழுத்தெல்லாம் பத்திரம், ஒழுங்குதான் இல்லை. பழைய கடிதங்களை அழித்து அழித்து அந்த இடுக்குகளில் புதியவற்றைத் திணித்திருந்த என் சிக்கனம் அப்போதுதான் புரிந்தது. சுக்கு விலைக் கடிதத்தின் நடுவே மிளகு மூட்டைகள், மூட்டைகளின் நடுவே முதலாளி மகளின் ஜாதகம்.

சேச்சி கத்தரிக்கோல் எடுத்தார். "இது மிளகு. இது சுக்கு. இந்தப் பொண்ணுக்குச் செவ்வாய் தோஷமா? பாவம்." வெட்டினோம், ஒட்டினோம். பொட்டு வைத்த டைப்ரைட்டரில் சேச்சி எல்லாவற்றையும் மறுபடி அடித்தார். காகிதங்கள் ஸ்கூட்டரில் பறந்தன. மிளகு கப்பலேறியது.

முதலாளி கண்கலங்கிவிட்டார். "பாத்தியாடா, நேத்து சாமி கும்பிட்ட பலன்." சொல்லிக்கொண்டே சந்தனக் கிண்ணத்தோடு புது ஃப்ளாப்பியை நோக்கி நடந்தார். நான் அதைப் பிடுங்கி என் டிபன் பாக்ஸில் போட்டு, பாக்ஸின் மேல் உட்கார்ந்துவிட்டேன்.

போன மாதம் மகளின் லேப்டாப் படுத்தது. நான் பதறி முடிப்பதற்குள் அதுவே எதையோ சரிபார்த்து எழுந்துகொண்டது. அவளுடைய கோப்புகள் எங்கே இருக்கின்றன என்று கேட்டேன். "எங்கயோ மேல, கிளவுட்லப்பா" என்றாள். மேலே. இனி யாராவது சந்தனக் கிண்ணத்தோடு வந்தால், நான் எதன் மேல் போய் உட்காருவது?